லிங்கன் எழுதாத கடிதமும் இரண்டாயிரம் ரூபாய்ப் புத்தகங்களும்

தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் போன யாரையாவது நிறுத்தி, "ஆபிரகாம் லிங்கன் என்றதும் என்ன ஞாபகம் வருகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். அடிமை முறையை ஒழித்தவர் என்பார்கள். அடுத்த மூச்சில், "மகனுடைய ஆசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினாரே!" என்பார்கள். தலைமையாசிரியர் அறைச் சுவரில், ஆண்டு விழா மலரில், நோட்டுப் புத்தகத்தின் பின்னட்டையில், இப்போது வாட்ஸ்அப்பில் என்று அந்தக் கடிதம் இல்லாத இடமே இல்லை.

நாமக்கல்லுக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், ஒரு வீட்டின் முன்னறைச் சுவரிலும் அது இருக்கிறது. கடிதமாக அல்ல, அந்தக் கடிதத்தை மனப்பாடமாக ஒப்பித்ததற்குக் கிடைத்த சான்றிதழாக. அந்த வீட்டுப் பெண் எட்டாம் வகுப்பு படிக்கும்போது பேச்சுப் போட்டியில் வாங்கிய முதல் பரிசு அது. அப்பா லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர். அன்று சாயங்காலமே சான்றிதழை நாமக்கல்லுக்கு எடுத்துப் போய்ச் சட்டம் போட்டு, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டார். அந்த வீட்டில் சட்டம் போட்டு மாட்டிய முதல் காகிதம் அதுதான்.

அந்தப் பெண் இப்போது பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தம்பி ஏழாம் வகுப்பு. அவன் பள்ளியில் பேச்சுப் போட்டி வந்தது. தலைப்பு, 'நான் போற்றும் உலகத் தலைவர்'. அவனுக்குக் கவலையே இல்லை. அக்காவின் பழைய பேச்சு டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருக்கிறதே! எடுத்து இரண்டு நாளில் மனப்பாடம் செய்துவிட்டான். மூன்றாம் நாள்தான் வந்து கேட்டான்:

"அக்கா, இந்த லெட்டரு எந்த வருசம் எழுதுனது? சார் கேட்டா என்னன்னு சொல்றது?"

அவளுக்குத் தெரியவில்லை. எட்டாம் வகுப்பில் யாரும் அவளைக் கேட்கவும் இல்லை. ஒரு வருடம்தானே, ஐந்து நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தவள் ராத்திரி பதினொரு மணி வரை எழுந்திருக்கவில்லை. லிங்கன் எழுதியவற்றையும் பேசியவற்றையும் திரட்டி ராய் பேஸ்லர் என்பவர் தலைமையில் பதிப்பித்த பெருந்தொகுப்பு ஒன்று 1953-ல் வெளிவந்தது. அதை இப்போது இணையத்தில் இலவசமாகவே தேடிப் பார்க்கலாம். ஒரு வரிச் சீட்டுகளைக்கூட விடாமல் சேர்த்திருக்கிறார்கள். இந்தக் கடிதம் அதில் இல்லை. லிங்கனுக்கு நான்கு மகன்கள். எந்த மகனுக்காக, எந்தப் பள்ளிக்கு, எந்தத் தேதியில் என்று கடிதத்தைப் பகிர்கிற யாரும் சொல்வதில்லை. லிங்கனின் கையெழுத்தில் ஒரு மூலம் இருப்பதாகவும் யாரும் காட்டியதில்லை. சுருக்கமாகச் சொன்னால், அது லிங்கன் எழுதிய கடிதமே அல்ல.

மறுநாள் காலையில் தம்பியிடம் சொன்னாள். அவன் சுவரைப் பார்த்தான்.

"அப்ப உன் பரிசு?"

அவளிடம் பதில் இல்லை. அடுத்ததாக அவன் கேட்டதுதான் அவளைக் குடைய ஆரம்பித்தது.

"அப்ப புஸ்தகத்துல போட்டிருக்கிறது பூராமே இப்பிடித்தானா?"

சரி, புத்தக விஷயத்துக்கு வருவோம். அதே மாதத்தில்தான் ஆயுத பூஜை வந்தது. பட்டறை முதலாளி, ஊர்ப் பள்ளிக்கூடத்தின் வகுப்பு நூலகத்துக்கு என்று இரண்டாயிரம் ரூபாய் கொடுத்தார். வரலாறு படிக்கிற பிள்ளை என்பதால் பொறுப்பு இவள் தலையில் விழுந்தது. "அமெரிக்கத் தலைவருங்க, விஞ்ஞானிங்க வாழ்க்கை வரலாறா பாத்து வாங்கிட்டு வாம்மா. பேச்சுப் போட்டிக்குப் பசங்களுக்கு உதவும்" என்றார் ஆசிரியர். ஒரு மாதம் முன்னால் என்றால் அரை மணி நேர வேலை. இப்போது அப்படி இல்லை. தம்பியின் கேள்வி கூடவே சேலம் பஸ்ஸில் ஏறிக்கொண்டது.

புத்தகக் கடையில் சிறுவர் வாழ்க்கை வரலாறு வரிசையைப் பார்த்திருப்பீர்கள். ஐம்பது ரூபாய், அறுபது ரூபாய், பளபள அட்டை. வாஷிங்டன், லிங்கன், எடிசன், ஹெலன் கெல்லர். அவள் முதலில் எடுத்தது ஜார்ஜ் வாஷிங்டன். இரண்டாவது பக்கத்திலேயே செர்ரி மரம்! சிறுவன் வாஷிங்டன் கோடரியால் அப்பாவின் செர்ரி மரத்தை வெட்டிவிட்டு, பொய் சொல்லத் தெரியாது என்று உண்மையை ஒப்புக்கொள்ளும் கதை. இதை எழுதியவர் மேசன் லாக் வீம்ஸ் என்ற பாதிரியார். அவருடைய வாஷிங்டன் வரலாறு 1800-ல் முதலில் வந்தபோது அதில் இந்தக் கதை கிடையாது. 1806-ல் வந்த பதிப்பில்தான் சேர்ந்தது. வயதான ஒரு பெண்மணி சொன்னார் என்பதற்கு மேல் அவர் ஆதாரம் எதுவும் தரவில்லை. பொய் சொல்லக்கூடாது என்று குழந்தைகளுக்குச் சொல்லத் தோன்றிய கதைக்கே ஆதாரம் இல்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

அந்தப் புத்தகத்தில் இல்லாதது என்ன என்றும் பார்த்தாள். 1799-ல், வாஷிங்டன் இறந்த ஆண்டில், அவருடைய மவுண்ட் வெர்னான் பண்ணையில் 317 அடிமைகள் இருந்தார்கள். அவர்களில் 123 பேர் அவருக்கே சொந்தமானவர்கள். தன் மனைவியின் காலத்துக்குப் பிறகு அந்த 123 பேரையும் விடுதலை செய்ய வேண்டும் என்று உயிலில் எழுதினார். விடுதலைக்குப் போராடிய ஒருவர் வாழ்நாள் முழுக்க அடிமைகளை வைத்திருந்தார், கடைசியில் விடச் சொன்னார். ஏழாம் வகுப்புப் பையன் யோசிக்க இதில் எவ்வளவு இருக்கிறது! மரத்தை வைத்துக்கொண்டு மனிதர்களை விட்டுவிட்டார்களே என்று அவளுக்குத் தோன்றியது. புத்தகத்தைத் திரும்ப வைத்துவிட்டாள்.

அடுத்தது லிங்கன். இதில் கோபப்பட ஒன்றுமில்லை, ஏமாற்றம்தான். கடிதம் பின்னட்டையிலேயே இருந்தது. உண்மையான லிங்கனின் கதை கடிதத்தைவிட நன்றாக இருக்கிறது என்பது அந்தப் பதினொரு மணி ராத்திரியில்தான் அவளுக்கே தெரிந்தது. தான் பள்ளிக்கூடம் போன நாட்களை எல்லாம் கூட்டினாலும் ஒரு வருடம் வராது என்று அவரே எழுதியிருக்கிறார். உள்நாட்டுப் போரின் நடுவில், 1862 ஆகஸ்டில் ஹொரஸ் கிரீலி என்ற பத்திரிகை ஆசிரியருக்கு எழுதிய கடிதம் அசலானது. ஒரு அடிமையையும் விடுவிக்காமல் நாட்டைக் காப்பாற்ற முடியுமென்றால் அப்படியே செய்வேன் என்கிற கருத்தை அதில் சொல்கிறார். ஆனால் 1863 ஜனவரி 1-ல் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அதுவும் கிளர்ச்சி செய்த மாநிலங்களுக்கு மட்டும்தான் பொருந்தும். அமெரிக்கா முழுக்க அடிமை முறையை ஒழித்த 13-வது சட்டத் திருத்தம் 1865 டிசம்பரில் நிறைவேறியபோது அவர் உயிரோடு இல்லை. அதற்குள் கறுப்பின மக்களே ஆயிரக்கணக்கில் பண்ணைகளை விட்டுத் தப்பி வந்து படையிலும் சேர்ந்திருந்தார்கள். ஒரு மனிதர் மாறிக்கொண்டே வந்த கதை இது, அவரை மாற வைத்த மக்களின் கதையும்கூட. பின்னட்டைக் கடிதத்தில் இதெல்லாம் ஏது?

இப்படி நாலைந்து புத்தகங்களைப் புரட்டியதில் அவளுக்குள் ஒரு அளவுகோல் தானாக வந்துவிட்டது. மூன்றே கேள்விகள். ஒன்று, 'இது எப்படித் தெரியும்' என்று புத்தகம் எங்காவது சொல்கிறதா? இரண்டு, இந்தப் பெரிய மனிதர் ஒரு தடவையாவது தப்பு செய்கிறாரா? மூன்று, அவரைத் தவிர வேறு யாராவது இந்தக் கதையில் இருக்கிறார்களா? மூன்றில் ஒன்றுக்குக்கூட 'ஆமாம்' இல்லை என்றால் அந்தப் புத்தகம் வேண்டாம்.

இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால், பளபள வரிசையில் பாதிக்கு மேல் அடிபட்டுப் போகிறது. ஆனால் தாங்களே தங்கள் கதையை எழுதியவர்கள் பெரும்பாலும் தப்பிக்கிறார்கள்.

பெஞ்சமின் பிராங்க்ளினை எடுத்துக்கொள்ளுங்கள். 1771-ல் சுயசரிதை எழுத ஆரம்பித்து, கடைசிவரை முடிக்காமலே போனவர். அச்சுத் தொழிலாளி அல்லவா? தன் வாழ்க்கையில் செய்த தப்புகளை அச்சுப்பிழை என்ற சொல்லாலேயே குறிப்பிடுகிறார். அண்ணனிடம் தொழில் பழகும்போது ஒப்பந்தத்தை மீறி ஓடிவந்தது ஒரு பிழை, கட்டிக்கொள்வதாகச் சொன்ன பெண்ணுக்கு லண்டனிலிருந்து ஒரே ஒரு கடிதம் எழுதிவிட்டு மறந்தது ஒரு பிழை என்று அவரே கணக்கு வைக்கிறார்.

பிரெடரிக் டக்ளஸ் அடிமையாகப் பிறந்தவர். எஜமானி எழுத்து சொல்லிக் கொடுக்க ஆரம்பித்தார், எஜமானர் தடுத்துவிட்டார். அதன்பிறகு தெருவில் ஏழை வெள்ளைக்காரப் பையன்களுக்கு ரொட்டி கொடுத்து, பதிலுக்கு அவர்களிடம் படிக்கக் கற்றுக்கொண்டதை 1845-ல் எழுதினார். புக்கர் டி. வாஷிங்டன், பள்ளியில் சேர வந்த இடத்தில் ஒரு அறையைப் பெருக்கச் சொன்னதும் மூன்று முறை பெருக்கி, நான்கு முறை தூசி துடைத்து, அதையே நுழைவுத் தேர்வாக்கித் தேறியதை 1901-ல் எழுதினார். இந்த மூன்று சுயசரிதைகளையும் ஆங்கிலத்தில் குட்டன்பர்க் தளத்தில் காசில்லாமல் படிக்கலாம்.

ரோசா பார்க்ஸ் கதையிலும் ஒரு தூசி உண்டு. வேலை முடிந்து கால் வலித்த ஒரு பாட்டி பஸ்ஸில் எழுந்திருக்க மறுத்தார் என்றுதான் நிறையப் பேர் சொல்கிறார்கள். 1955 டிசம்பர் 1-ல் அவருக்கு வயது 42. உரிமைகளுக்காகப் போராடிய சங்கத்தின் உள்ளூர்க் கிளையில் செயலாளராக இருந்தவர். உடம்பு களைத்து அல்ல, பணிந்து பணிந்தே களைத்துப் போய்த்தான் உட்கார்ந்திருந்ததாகச் சிறுவர்களுக்காக 1992-ல் எழுதிய புத்தகத்தில் அவரே விளக்குகிறார். அவருக்கு ஒன்பது மாதம் முன்பு, மார்ச் 2-ல், அதே ஊரில் அதே மாதிரி எழுந்திருக்க மறுத்துக் கைதான கிளாடெட் கால்வினுக்கு வயது 15. அந்தப் பெண்ணைப் பற்றிச் சிறுவர்களுக்காக ஒரு முழுப் புத்தகம் வர 2009 ஆனது.

ஆனால் அவள் கடையில் நின்றபடியே முப்பது பக்கம் படித்த புத்தகம் ஹெலன் கெல்லரின் சுயசரிதை. 1903-ல் வந்தது. தண்ணீர்க் குழாயடியில் கையில் எழுத்து எழுதிக் காட்டிய காட்சி எல்லோருக்கும் தெரியும். யாரும் பேச்சுப் போட்டியில் சொல்லாத ஒரு அத்தியாயம் அதில் இருக்கிறது. பதினோரு வயதில் ஹெலன் ஒரு கதை எழுதி, பார்வையற்றோர் பள்ளியின் தலைவருக்குப் பிறந்தநாள் பரிசாக அனுப்பினாள். அவர் மகிழ்ந்துபோய் அச்சில் போட்டார். பிறகுதான் தெரிந்தது, அது மார்கரெட் கேன்பி என்ற எழுத்தாளரின் கதையை அப்படியே ஒத்திருக்கிறது என்று. சிறுமியை ஒரு குழுவின் முன் நிறுத்தி விசாரித்தார்கள். கூட இருந்த ஆசிரியை ஆன் சல்லிவனை வெளியே அனுப்பிவிட்டார்கள். யாரோ எப்போதோ அவள் கையில் எழுத்தெழுத்தாகச் சொன்ன கதை, தன் சொந்தக் கற்பனை போல மனதில் தங்கிவிட்டிருக்கிறது. அவளுக்கே அது தெரியாது. அதன்பிறகு ரொம்ப நாளைக்கு, எழுதுவது எதுவும் தன்னுடையது இல்லையோ என்ற பயம் அவளை விடவில்லை.

தெரியாமல் அடுத்தவர் சொன்னதைத் தன்னுடையதாகச் சொல்லிப் பரிசும் வாங்கிய இன்னொரு பெண், சேலத்தில் ஒரு புத்தகக் கடை ஓரத்தில் நின்று அதைப் படித்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் இரண்டு தடவை "ஏம்மா, எடுத்துக்கறீங்களா?" என்று கேட்ட பிறகுதான் அவளுக்குக் காதில் விழுந்தது.

இரண்டாயிரத்தில் மிச்சம் இருந்த பணத்துக்கு நம் ஊர் ஆட்களையும் வாங்கலாம் என்று முடிவு செய்தாள். இந்த யோசனைக்கும் தம்பிதான் காரணம். முந்தின வாரம் சாப்பிடும்போது அப்பா தீரன் சின்னமலை கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். மைசூருக்குப் போகும் வரிப்பணத்தை மடக்கி, சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் ஒரு சின்னமலை பிடுங்கிக்கொண்டதாகப் போய்ச் சொல் என்று அனுப்பினாரே, அந்தக் கதை. அப்பாவுக்கு அதைச் சொல்லும்போதெல்லாம் குரல் மாறும். தம்பி சோற்றைப் பிசைந்தபடி கேட்டான்:

"அதை யாருப்பா எழுதி வெச்சாங்க?"

அப்பா முகம் சுண்டிவிட்டது. "எழுதி வெச்சாத்தானாடா? எங்கய்யன் சொல்லி நான் கேட்டது. அவருக்கு அவங்கய்யன் சொன்னாரு."

அவள் இடையில் புகுந்தாள். "அதையே சொல்லுங்கப்பா. ஊர்ல வழிவழியாச் சொல்ற கதைன்னு சொல்லிட்டுச் சொன்னா அதுல பொய் இல்லீங்களே. சங்ககிரிக் கோட்டையில 1805-ல தூக்குல போட்டது வரலாறு. இது சனங்க அவரை எப்பிடி நெனச்சாங்கங்கிறதுக்குச் சாட்சி. ரெண்டும் வேணும். எது எதுன்னு தெரிஞ்சாப் போதும்." அப்பா ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் பட்டறையில், "எங்க ஊர்ல சொல்லுவாங்க" என்று ஆரம்பித்து யாருக்கோ அதே கதையைச் சொன்னாராம்.

அந்த மூன்று கேள்விகள் நம் ஊர்ப் புத்தகங்களுக்கும் பொருந்தும்தானே? ராஜாஜியை எடுத்துக்கொள்வோம். சேலத்தில் வக்கீல், 1917-ல் சேலம் நகராட்சித் தலைவர், 1925-ல் திருச்செங்கோடு பக்கம் புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம், 1937 அக்டோபரில் அன்றைய சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கு, 1948-ல் கவர்னர் ஜெனரல். அவள் புரட்டிய சிறுவர் புத்தகங்கள் இத்தோடு வணக்கம் போட்டுவிடுகின்றன. அதே 1937-ல் வந்த அவருடைய ஆட்சி பள்ளியில் இந்தியைக் கட்டாயமாக்கியது, ஊரெல்லாம் போராட்டம் நடந்தது. 1953-ல் அவர் கொண்டுவந்த கல்வித் திட்டத்தில் பிள்ளைகளுக்குப் பாதி நேரம்தான் பள்ளிக்கூடம், மீதி நேரம் அப்பா செய்யும் தொழில். குலக்கல்வி என்று எதிர்த்தார்கள். 1954-ல் அவர் பதவி விலக, அந்தத் திட்டமும் போனது. வெல்டர் மகன் ஏழாம் வகுப்பில் உட்கார்ந்து படிக்கிற புத்தகத்தில் இந்தப் பக்கம் இல்லாவிட்டால் எப்படி? இரண்டு பக்கமும் சொல்கிற ஒரு புத்தகம் கிடைக்கும் வரை அவள் தேடினாள். விலை கொஞ்சம் கூடத்தான்.

நாமக்கல் கவிஞர் ராமலிங்கம் பிள்ளையின் சுயசரிதை 'என் கதை' கிடைத்தபோது நிம்மதியாக இருந்தது. 1888-ல் மோகனூரில் பிறந்தவர், முதலில் ஓவியர். வெள்ளைக்கார ராஜாவைப் படம் வரைந்து தங்கப் பதக்கம் வாங்கியவரே, 1930-ல் உப்புச் சத்தியாகிரகத்துக்கு வழிநடைப் பாட்டு எழுதினார், பிறகு சிறைக்கும் போனார். இவரும் மாறிய மனிதர்தான். கெட்டியான புத்தகம், ஏழாம் வகுப்புக்குக் கொஞ்சம் பாரம். இருந்தாலும் எடுத்துக்கொண்டாள். நாமக்கல்லில் அவர் வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது. ஒரு சனிக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிப் போய்க் காட்டலாமே! ஜார்ஜ் வாஷிங்டன் வீட்டுக்கு அப்படிப் போக முடியுமா?

கடைசியில் இரண்டாயிரம் ரூபாய்க்குப் பதினான்கு புத்தகங்கள் வந்தன. ஆசிரியர் பையைத் திறந்து பார்த்துவிட்டு, "எடிசன் இல்லையா?" என்று கேட்டார். எடிசனின் அம்மா பள்ளிக்கூடத்துக் கடிதத்தை மாற்றிப் படித்துக் காட்டினார் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற கதையையும், அதற்கு ஆதாரம் இல்லை என்பதையும் அவள் சொன்னாள். ஆசிரியர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "நானே போன வாரம் பிரேயர்ல சொன்னேனேம்மா" என்றார். பிறகு, "சரி, அடுத்த வாரம் அதையும் பிரேயர்லயே சொல்லிடறேன்" என்றார். சொன்னார் என்று தம்பி வந்து சொன்னான்.

பேச்சுப் போட்டி நடந்தது. லிங்கன் வேண்டாம் என்று தம்பியே முடிவு செய்துவிட்டான். ஹெலன் கெல்லரின் அந்தக் கதைத் திருட்டு விசாரணையைப் பற்றி மூன்று நிமிடம் பேசினான். நடுவில் ஒரு இடத்தில் மறந்தும் போனது. பரிசு கிடைக்கவில்லை. முதல் பரிசு வேறொரு பள்ளியிலிருந்து வந்த சிறுமிக்கு. என்ன பேசினாள் என்று நீங்களே ஊகித்திருப்பீர்கள்! ஆமாம், லிங்கன் ஆசிரியருக்கு எழுதிய கடிதம். ஏற்ற இறக்கத்தோடு, ஒரு சொல் பிசகாமல்.

பஸ் ஸ்டாண்டில் அந்தச் சிறுமி சான்றிதழைச் சுருட்டிக் கையில் பிடித்தபடி அம்மாவோடு நின்றிருந்தாள். தம்பி அக்காவின் கையை இழுத்தான்.

"அக்கா, அது பொய்யின்னு போயிச் சொல்லட்டுமா?"

அந்தச் சான்றிதழ் இன்றைக்கு ராத்திரியே ஏதோ ஒரு சுவரில் ஏறப் போகிறது என்று அவளுக்குத் தெரியும். இவர்கள் வீட்டுச் சுவரிலும் பழைய சான்றிதழ் இன்னும் அப்படியேதான் இருக்கிறது. கழற்றலாம் என்று சொன்னபோது, "நீ பேசுனது நெசந்தானே கண்ணு" என்று சொல்லி அம்மா விடவில்லை.

"பொய்யின்னு சொல்லாதடா. நீ என்கிட்ட கேட்டியே, அதைக் கேளு."

தம்பி போனான். முதலில் நன்றாகப் பேசியதாகச் சொன்னான். பிறகு, "அந்த லெட்டரு எந்த வருசம் எழுதுனது?" என்று கேட்டான்.

அந்தச் சிறுமி ஒரு நிமிடம் யோசித்தாள். "தெரியலையே" என்றாள். அதற்குள் ராசிபுரம் பஸ் வந்துவிட்டது. படியில் ஏறிக்கொண்டே திரும்பிப் பார்த்து, "எங்க மிஸ்ஸுகிட்ட கேட்டுப் பாக்கறேன்" என்றாள்.